திகில் டிரெய்லர் வெட்டுவது எப்படி? எடிட்டிங் கற்கும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திகில் குறும்படத்துக்கு டிரெய்லர் செய்யக் கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் போய் மாட்டிக்கொள்வது மென்பொருள் டுடோரியல்களில்தான். எல்லா மெனுவும் எதற்கு என்று தெரிந்த பிறகே டைம்லைனைத் தொட வேண்டும் என்று நினைத்து, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கும்போது படமும் இருக்காது, மென்பொருளும் கைக்கு வந்திருக்காது.

ஒன்றரை நிமிட டிரெய்லருக்கு வேண்டிய எடிட்டிங் வேலைகள் உண்மையில் குறைவு. வெட்டுவது, ஓரத்தை இழுத்துச் சரிசெய்வது, ஒலியைப் படத்திலிருந்து பிரித்து நகர்த்துவது, வால்யூமை ஏற்றி இறக்குவது, வேகத்தை மாற்றுவது, மெதுவாக ஜூம் செய்வது, எழுத்துப் போடுவது, வண்ணம் சரிசெய்வது, எக்ஸ்போர்ட். அவ்வளவுதான். டிரெய்லர் எந்த வேலையைக் கேட்கிறதோ அதை அந்த நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. திகிலில் ஒலிக்குத்தான் முதலிடம் என்பதால் ஒலி வேலை இங்கே வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிடும்.

எந்த மென்பொருள்?

இதற்காக அதிக நேரம் செலவிட வேண்டாம். காசு செலவழிக்க முடியாத மாணவருக்கு என் பரிந்துரை டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் தயாரிப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எடிட், கலர், ஃபேர்லைட் (ஒலி), டெலிவர் (எக்ஸ்போர்ட்) என்று ஒவ்வொரு வேலைக்கும் உள்ளேயே தனிப் பக்கம் உண்டு. கட்டணப் பதிப்புக்கு மட்டுமான எஃபெக்டைத் தொடாதவரை வாட்டர்மார்க் விழாது. ஆனால் கணினிக்கு நல்ல பலம் வேண்டும். 16 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இல்லையென்றால் திணறும். பழைய கணினியா? கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போடுங்கள். இரண்டும் இலவசம், திறமூல மென்பொருள். கல்லூரி லேபில் பிரீமியர் புரோ இருந்தால் அதிலேயே செய்யலாம், வீட்டுக்கு வந்து வேறொன்றைத் தேட வேண்டாம்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டே விஷயங்களைப் பாருங்கள்: ஒலிக்குப் பல டிராக் வைக்க முடிகிறதா, வால்யூமுக்குக் கீஃப்ரேம் (அளவு எந்த இடத்தில் மாற வேண்டும் என்று குறிக்கும் புள்ளி) இருக்கிறதா. இந்த இரண்டும் இல்லாத ஆப்பில் திகில் டிரெய்லர் வெட்ட முடியாது. நூறு டிரான்சிஷன் இருப்பதால் ஒரு பயனும் இல்லை. இந்த வேலைக்கு நேர் கட்டும், கறுப்புக்குப் போகும் ஃபேடும் போதும்.

புராஜெக்ட்டைத் திறக்கும் முன்

முதலில் ஃபோல்டர். ஒரே ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் ஃபுட்டேஜ், ஒலி, இசை, எழுத்து, புராஜெக்ட், எக்ஸ்போர்ட் என்று தனித்தனி ஃபோல்டர்கள். மென்பொருள் உங்கள் வீடியோவைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வதோடு சரி. பாதி வேலையில் ஃபோல்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக வந்து நிற்கும். ஷூட் முடிந்த அன்றே எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது தொழில்முறை எடிட்டர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். மாணவர் படத்துக்கும் அது வேண்டும், ஏனென்றால் நடித்த நண்பர்களை மறுபடி ஒன்றுசேர்ப்பது லேசான காரியமல்ல.

அடுத்தது ஃப்ரேம் ரேட். நொடிக்கு 24 ஃப்ரேம் வையுங்கள், சினிமாத் தோற்றத்துக்கு அதுதான் பொருந்தும். ஷூட் செய்ததே 25 அல்லது 30இல் என்றால் டைம்லைனையும் அதிலேயே வைத்துவிடுங்கள். ரிசால்வில் டைம்லைனில் கிளிப் விழுந்த பிறகு அதன் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது, அதனால் இந்த முடிவை முதல் நிமிடத்திலேயே எடுத்தாக வேண்டும்.

போனில் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே பதிவு செய்யும். இருட்டில் எடுக்கும்போது இது இன்னும் அதிகம். டைம்லைனில் போட்டதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். கணினி மெதுவாக ஓடினால் பிராக்சி உருவாக்கிக்கொள்ளுங்கள். வெட்டும்போது சின்ன நகல் ஓடும், எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விரல் பழக வேண்டிய சாவிகள்

மௌஸால் மட்டும் எடிட் செய்பவருக்குத் தாளம் வராது. ஜே, கே, எல் மூன்றும் முறையே பின்னோக்கி ஓட்ட, நிறுத்த, முன்னோக்கி ஓட்ட. கே சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல் சாவியைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். ஐ, ஓ இரண்டும் கிளிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க. எம் அழுத்தினால் மார்க்கர். இவை ரிசால்விலும் பிரீமியரிலும் ஒன்றேதான். பிளேஹெட் (டைம்லைனில் ஓடும் செங்குத்துக் கோடு) நிற்கும் இடத்தில் வெட்ட ரிசால்வில் கன்ட்ரோல்-பி, பிரீமியரில் கன்ட்ரோல்-கே.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். ரிசால்வில் டெலீட் அழுத்தினால் கிளிப் போய், பின்னால் இருப்பதெல்லாம் முன்னே நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கிளிப் மட்டும் போகும், இடைவெளி அப்படியே நிற்கும். பிரீமியரில் வெறும் டெலீட் இடைவெளியை விடும், ஷிஃப்ட்-டெலீட் மூடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களின் ஒலியெல்லாம் இடம் மாறிப்போவதற்கு இதுதான் காரணம்.

பயிற்சிக்குத் தனி வீடியோ தேட வேண்டாம். உங்கள் ஃபுட்டேஜையே முழுக்க ஓடவிட்டு, கண்ணில் படும் நல்ல கணங்களை ஐ, ஓ போட்டு ஒரு டைம்லைனில் அடுக்குங்கள். நடிப்பு மட்டுமல்ல, கேமரா நிற்கும் முன் நடிகர் திரும்பிப் பார்த்தது, திரை காற்றில் அசைந்தது, யாரும் இல்லாத அறை என்று எல்லாவற்றையும் எடுங்கள். திகில் டிரெய்லரில் இந்தச் சில்லறைக் கணங்கள்தான் பிறகு கைகொடுக்கும். இந்தத் தேர்வு முடியும்போது சாவிகளும் பழகியிருக்கும்.

காகிதத்தில் ஒரு எலும்புக்கூடு

அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கம் 2014இல் டிரெய்லர்கள் 2 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரிய படங்களுக்கே அதுதான் வரம்பு என்றால் மாணவர் டிரெய்லருக்கு 60 முதல் 90 நொடி தாராளம்.

அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி சாதாரண வாழ்க்கை. அதில் ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை. இரண்டாவது, அந்தச் சரியில்லாத விஷயம் மறுபடி மறுபடி வருகிறது, யாரும் நம்பவில்லை. மூன்றாவது, கட்டு அவிழ்கிறது: வேகமான வெட்டுகள், அலறல், திடீர் மௌனம், தலைப்பு, அதற்குப் பிறகு கடைசியாக ஒரு அடி. முதல் பகுதிக்கு நிறைய இடம் கொடுங்கள். மாணவர் டிரெய்லர்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, ஐந்தாவது நொடியிலேயே அலறத் தொடங்கிவிடுவது. அமைதி பழகாத காதுக்குச் சத்தம் பயம் தராது.

பேயை எவ்வளவு காட்டலாம்? முடிந்தால் காட்டவே வேண்டாம். ஒரு கை, கதவிடுக்கில் ஒரு நிழல், பின்னால் மங்கலாக நிற்கும் உருவம் போதும். முகத்தை முழுசாகக் காட்டிவிட்டால் பார்ப்பவர் மேக்கப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், படத்துக்கு வர அவருக்குக் காரணமும் மிச்சமிருக்காது.

முதலில் ஒலி

படத்தை முழுக்க வெட்டி முடித்துவிட்டு அதன்மேல் இசையை ஒட்டுவதுதான் பொதுவான பழக்கம். திகிலுக்கு இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காலி டைம்லைனில் முதலில் ஒலியை மட்டும் அடுக்குங்கள். எங்கே அமைதி, எங்கே ஏறுகிறது, எங்கே அறுபடுகிறது என்பது காதிலேயே தீர்மானமாகிவிடும். பிறகு அந்த இடங்களில் மார்க்கர் போட்டு, படத்தை அவற்றுக்குப் பொருத்துங்கள்.

அடிமட்டத்தில் அறையின் ஒலி வேண்டும். ஷூட் செய்த ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி 30 நொடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். இது இல்லாமல் வெட்டினால் ஒவ்வொரு கட்டிலும் பின்னணி தடுக்கித் தடுக்கி ஒலிக்கும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ மட்டமாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவிடும்.

அதற்கு மேல் ட்ரோன், அதாவது இடைவிடாமல் ஓடும் தாழ்ந்த ரீங்காரம். இதை வாங்கவோ தரவிறக்கவோ தேவையில்லை. ஒரு உலோகப் பாத்திரத்தின் விளிம்பை மெதுவாகத் தேய்த்துப் போனில் பதிவு செய்யுங்கள். டைம்லைனில் போட்டு வேகத்தை 25 சதவீதமாக்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், கால்வாசியாக்கினால் இரண்டு ஸ்தாயி. தேய்த்த ஒலி எங்கோ ஆழத்திலிருந்து வரும் முனகலாக மாறிவிடும். ஆனால் சுருதியைக் காப்பாற்றும் வசதியை அணைத்திருக்க வேண்டும்: ரிசால்வில் ‘பிட்ச் கரெக்‌ஷன்’, பிரீமியரில் ‘மெயின்டெயின் ஆடியோ பிட்ச்’. அது இயங்கிக்கொண்டிருந்தால் ஒலி நீளும், தாழாது. நாற்காலியை இழுக்கும் சத்தம், உங்கள் மூச்சு, கதவுக் கீல், எல்லாவற்றையும் இப்படி முயன்று பாருங்கள். சொந்தமாகப் பதிவு செய்த ஒலிக்கு வேறு எந்தப் படத்தின் சாயலும் இருக்காது.

இனி, திகில் படங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வித்தை: யாரோ பேசும் முன்பே அந்தச் சொல் காற்றிலிருந்து உறிஞ்சி இழுக்கப்படுவது போன்ற ஒலி. தலைகீழ் ரிவெர்ப் என்பார்கள்; ரிவெர்ப் என்பது ஒலி அறைக்குள் எதிரொலித்து மங்கும் வால். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் செய்வது எளிது. ‘வா’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1. அந்தச் சொல்லை மட்டும் வெட்டித் தனி டிராக்கில் வைத்து ரிவர்ஸ் செய்யுங்கள்.
2. அதன் முடிவில் 3 அல்லது 4 நொடி மௌனத்தைச் சேருங்கள். சேர்க்காவிட்டால் ரிவெர்பின் வால் பாதியில் அறுந்துவிடும்.
3. பெரிய அறைக்கான ரிவெர்ப் போடுங்கள்.
4. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மறுபடி ரிவர்ஸ் செய்யுங்கள்.

இப்போது சொல் நேராகவும் அதன் எதிரொலி அதற்கு முன்னாலும் வரும். எடிட்டிங் டைம்லைனுக்குக் கொண்டுவந்து, உண்மையான ‘வா’ தொடங்கும் இடத்தில் இது உச்சம் பெறுமாறு நகர்த்துங்கள். டிரெய்லரில் ஒரே ஒரு இடத்தில் போடுங்கள். இரண்டாவது முறை கேட்டால் வித்தை வெளுத்துவிடும்.

வெளியிலிருந்து எடுக்கும் ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட் தளமும் யூடியூப் ஆடியோ லைப்ரரியும் நம்பகமானவை. ஃப்ரீசவுண்டில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமம் உண்டு: சிசி0 என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், ‘ஆட்ரிபியூஷன்’ என்றால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், ‘நான்கமர்ஷியல்’ என்றால் வணிக நோக்கத்துக்கு ஆகாது. தரவிறக்கும்போதே கோப்பின் பெயர், உரிமம், பதிவிட்டவர் பெயரை ஒரு குறிப்பில் எழுதி வையுங்கள். வேறு படத்தின் பின்னணி இசையை எடுத்து ஒட்ட வேண்டாம். பதிப்புரிமை உள்ள இசையைத் தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும் என்பது ஒரு காரணம். அந்த இசை கேட்பவரை அந்தப் படத்துக்கே கூட்டிப்போய்விடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டுவோம்

ஒரு பெண், ஒரு நடைவழி, மூடிய கதவு. டைம்லைன் நொடிக்கு 24 ஃப்ரேம்.

முதல் ஷாட்: நடைவழி முழுதும் தெரிகிறது, பெண் முதுகு காட்டி நிற்கிறாள். எதுவும் நடக்கவில்லை. 2 நொடி போதும் என்று கை துடிக்கும். 4 நொடி விடுங்கள். பார்ப்பவரின் கண் ஷாட்டின் மூலைகளில் தேட ஆரம்பிக்க அந்த நேரம் தேவை.

கதவைக் காட்டுவதற்கு 12 ஃப்ரேம் முன்னால் தட்டும் ஒலி தொடங்கட்டும். படத்துக்கு முந்தி ஒலி வருவதால் இதை ஜே கட் என்கிறார்கள். ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு ஒலியின் இடது ஓரத்தை மட்டும் இழுத்தால் ஆயிற்று. அந்த அரை நொடி பார்ப்பவரும் அவளோடு சேர்ந்து ‘எங்கிருந்து?’ என்று தேடுவார்.

இரண்டாவது ஷாட், கதவு. மறுபடி 4 நொடி. ரிசால்வின் இன்ஸ்பெக்டர் பகுதியில் ஜூமுக்குத் தொடக்கத்தில் 1.00, முடிவில் 1.06 என்று இரண்டு கீஃப்ரேம் போடுங்கள். கேமரா நகர்வதே தெரியக் கூடாது, கதவு மட்டும் நெருங்கி வருவதுபோல் இருக்க வேண்டும். 1.20 வரை போனால் எஃபெக்ட் என்று வெளிப்படையாகத் தெரிந்துவிடும், படமும் உடைய ஆரம்பிக்கும்.

மூன்றாவது, அவள் முகம், 2 நொடி. இங்கே நடிப்பு அதிகமுள்ள டேக்கை எடுக்காதீர்கள். ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் ஒருமுறை பசியையும் ஒருமுறை துக்கத்தையும் தாங்களாகவே அந்த முகத்தில் கண்டுகொள்வார்கள் என்று சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கினார். கதவுக்குப் பிறகு வரும் சலனமற்ற முகமே பயந்த முகமாகத் தெரியும். கண்ணை அகல விரித்த டேக் அந்த வேலையைப் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

நான்காவது, கை கைப்பிடியை நோக்கிப் போகிறது. ட்ரோன் இதுவரை ஏறிக்கொண்டே வந்திருக்கும். விரல் தொடுவதற்கு 10 ஃப்ரேம் முன்பு ட்ரோனை ஒரே வெட்டில் நிறுத்துங்கள், ஃபேட் வேண்டாம். அறையின் ஒலி மட்டும் கீழே ஓடட்டும். அதையும் சேர்த்து வெட்டினால் முழுச் சூனியமாகிவிடும். பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று நினைப்பார். விரல் பட்டதும் கறுப்பு.

கறுப்பில் 18 ஃப்ரேம். பிறகு அதே தட்டும் ஒலி, இந்த முறை அவளுக்குப் பின்னாலிருந்து.

இந்தக் கடைசி அடி வேலை செய்ய, இரண்டு தட்டும் ஒலிகளும் வேறு வேறாக இருக்க வேண்டும். முதலாவதைக் கதவுக்கு அப்பாலிருந்து வருவதாக்குங்கள்: ஈக்யூவில் (ஒலியின் அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) 800 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டி, கொஞ்சம் ரிவெர்ப். இரண்டாவதில் எதையும் வெட்டாதீர்கள், ரிவெர்ப்பும் வேண்டாம். காய்ந்து, காதுக்குப் பக்கத்தில் கேட்க வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்பவருக்காக அதை ஒரு பக்கத்துக்குச் சற்றுத் தள்ளலாம். ஒற்றை ஸ்பீக்கர் போனில் பக்கம் தெரியாது என்றாலும், மூடிய ஒலிக்கும் திறந்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு அதிலும் தெரியும். மொத்தக் காட்சியிலும் பேய் எங்கும் இல்லை.

கடைசி முப்பது நொடி

இங்கேதான் வேகம். ஷாட்கள் 2 நொடியில் தொடங்கி, 1 நொடி, 12 ஃப்ரேம், 8, 6 என்று சுருங்கிக்கொண்டே போகட்டும். எல்லாம் ஒரே நீளம் என்றால் காது தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கட்டை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். சுருங்கும் வரிசையின் நடுவே திடீரென்று ஒரு நீண்ட ஷாட்டை, 3 நொடி அசையாமல், வைத்துப் பாருங்கள். மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருக்கும். அடுத்த வெட்டு அங்கேதான் அடிக்கும்.

அடுத்தடுத்த ஷாட்களில் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஷாட்டில் முக்கியமானது இடது ஓரத்திலும் அடுத்த 6 ஃப்ரேமில் வலது ஓரத்திலும் இருந்தால், கண் போய்ச் சேர்வதற்குள் அந்த ஷாட் முடிந்திருக்கும். குறுகிய ஷாட்களில் முக்கியமானதைத் திரையின் ஒரே பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூமும் பொசிஷனும் கொண்டு நகர்த்திச் சரிசெய்யலாம்.

வெள்ளை ஃப்ளாஷ், மினுங்கும் விளக்கு போன்றவற்றில் கவனம் தேவை. ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மினுங்கக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதி. அதை மீற எந்தக் காட்சிக்கும் அவசியமில்லை. மினுங்கல் இருந்தால் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள்.

உருவத்தின் நடை இயல்பற்றுத் தெரிய வேண்டுமா? நடிகரைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, கிளிப்பை ரிவர்ஸ் செய்யுங்கள். முன்னோக்கித்தான் வருவார், ஆனால் எடை விழும் விதமும் துணி அசையும் விதமும் தப்பாக இருக்கும். அதிலேயே நாலைந்து ஃப்ரேமுக்கு ஒன்று வெட்டி எறிந்தால் உடல் துடித்துத் துடித்து நகரும். இதற்கு ஒரு ப்ளக்-இன்னும் தேவையில்லை.

வண்ணம்

வெட்டு முழுதும் முடிந்த பிறகே கலர் பக்கத்துக்குப் போங்கள். முதலில் எல்லா ஷாட்டையும் ஒரே வெளிச்சத்துக்கும் ஒரே வெள்ளைக்கும் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகுதான் இருட்டும் நீலமும். ரிசால்வில் இந்த இரண்டையும் தனித்தனி நோடில், அதாவது வண்ணத் திருத்தத்தின் தனித்தனிப் படியில், வையுங்கள். ஆல்ட்-எஸ் அழுத்தினால் புது நோடு வரும். தோற்றம் பிடிக்காமல் போனால் இரண்டாவது நோடை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

திகில் என்றதும் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுகிறார்கள். கறுப்பு அல்ல, தேர்ந்தெடுத்த இருட்டுதான் வேண்டும். முகத்தின் ஒரு பக்கமாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் யாருக்காகப் பயப்படுவது? உங்கள் மானிட்டரை நம்பாதீர்கள். இருட்டறையில் பார்த்து எடிட் செய்ததை இன்னொருவர் பகலில் போனில் பார்ப்பார். வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்து வைத்து, முகத்தின் வெளிச்சப் பக்கம் உயரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கில் நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ளதைப் பவர் விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வரையும் வடிவம்) போட்டு இறக்குங்கள்.

பகலில் எடுத்ததை இரவாக்க, எடுக்கும்போதே வானத்தைத் தவிர்த்து, சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்குமாறு வைத்து, வெளிச்சத்தைக் குறைத்தே எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்ததில் நிறச்செறிவைக் குறைத்து, லேசாக நீலம் ஏற்றினால் நம்பும்படி வரும். வெள்ளை வானம் தெரியும் ஷாட்டை எந்த மென்பொருளும் இரவாக்காது, அதை விட்டுவிடுங்கள்.

இருட்டில் எடுத்த போன் வீடியோவில் நாய்ஸ், அதாவது துடிக்கும் புள்ளிகள், இருக்கும். ரிசால்வின் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஃபிலிம் கிரெயினும் கட்டணப் பதிப்பில்தான். மாற்று வழி: ஃபிலிம் கிரெயின் வீடியோ ஒன்றை மேல் டிராக்கில் போட்டு, கம்போசிட் மோடை ‘ஓவர்லே’ ஆக்கி, அடர்த்தியைக் குறையுங்கள். வெவ்வேறு ஷாட்களின் வெவ்வேறு நாய்ஸ் ஒரே தோற்றத்துக்குள் அடங்கிவிடும். இருண்ட சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும் கோடுகளும் குறையும்.

எழுத்து

ஒரு அட்டைக்கு மூன்று நான்கு சொல். நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். ரத்தம் சொட்டும் எழுத்துரு வேண்டாம். சிறிய, மெல்லிய, இடைவெளி விட்ட எழுத்து கறுப்பில் தனியாக நிற்கும்போது வரும் நடுக்கம் அதில் வராது.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு வரும் தொல்லை, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டுத் தள்ளிப்போய் நிற்பது. பிரீமியரில் கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குள் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன்’ வகைக்கு மாற்றினால் சரியாகும். வேறு மென்பொருளில் அடம்பிடித்தால் இங்க்ஸ்கேப்பில் தலைப்பை வடிவமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் போடுங்கள். எழுத்து உடையவே உடையாது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மிக்ஸ், சோதனை, எக்ஸ்போர்ட்

வசனத்தின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில், பெரிய அடிகள் மைனஸ் 3 அருகில், எதுவும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். யூடியூப் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸைவிட (ஒட்டுமொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) சத்தமான ஒலியைத் தானாகவே இறக்கிவிடும், அதனால் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து நசுக்குவதில் லாபமே இல்லை. முதல் பகுதி தைரியமாக மெதுவாக இருக்கட்டும். பெரிய அடியில் தாழ்ந்த அதிர்வு மட்டும் இருந்தால் போன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது; மரம் முறிவது, உலோகம் அடிபடுவது போன்ற நடுத்தர ஒலி ஒன்றையும் அதோடு சேர்த்து அடுக்குங்கள்.

பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அதற்குப் பின் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். எங்கே கவனம் கலைகிறதோ அங்கே ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது. கதை தெரியாத இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். உடம்பு முன்னால் சாய்கிறதா, எங்கே போனை எடுக்கிறார்கள், அடிக்கு முன்பே சிரித்துவிடுகிறார்களா என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நல்லா இருக்கு’ என்ற பதிலைவிட அந்தக் குறிப்பு பத்து மடங்கு உதவும். அடிக்கு முன்பே சிரித்தால் காத்திருப்பு நீண்டுவிட்டது. அடி விழுந்தும் அசையவில்லை என்றால் காத்திருப்பு போதவில்லை. பெரும்பாலும் ஆறேழு ஃப்ரேமைக் கூட்டிக் குறைத்தாலே சரியாகிவிடும்.

எக்ஸ்போர்ட்டுக்கு எம்பி4 கோப்பு, எச்.264, 1920க்கு 1080, டைம்லைனின் அதே ஃப்ரேம் ரேட், ஒலி ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ். 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). இருண்ட காட்சிகள் சுருக்கும்போது சீக்கிரம் கட்டம் கட்டமாக உடையும் என்பதால் 16 முதல் 20 வரை வையுங்கள். அகலத்திரைத் தோற்றம் வேண்டுமென்றால் 2.39 விகிதத்துக்கு மேலும் கீழும் 138 பிக்சல் கறுப்புப் பட்டை வரும். அது நடிகரின் நெற்றியை வெட்டுகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டிலும் பார்த்துச் சரிசெய்த பிறகே எக்ஸ்போர்ட் கொடுங்கள்.

வெளிவந்த கோப்பை எடிட் செய்த கணினியில் மட்டும் பார்த்தால் போதாது. ஒரு போன், ஒரு டிவி, ஒரு ஹெட்ஃபோன் என்று மூன்றிலும் முதல் ஃப்ரேம் முதல் கடைசி வரை ஓட்டுங்கள். கட்டுகளுக்கு நடுவே தப்பி நிற்கும் ஒற்றைக் கறுப்பு ஃப்ரேமும், தலைப்புக்குப் பின் அறுந்துபோகும் ஒலி வாலும் இந்தச் சோதனையில்தான் அகப்படும். ரிசால்வில் புராஜெக்ட்டை ‘புராஜெக்ட் ஆர்கைவ்’ ஆக எடுத்து நகல் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். முழுப்படம் வெட்டும் நாளில் இந்த ஒலிகளும் கிரேடும் அப்படியே தேவைப்படும்.